கிணற்றடிப் பூச்செடிகள்

சின்னசேலம் பக்கத்து வீடுகளில் பூந்தோட்டம் என்பது பூவுக்கென்றே வேலி கட்டிய நிலம் அல்ல. கிணற்றடி, துணி துவைக்கிற கல், பாத்திரம் விளக்குகிற இடம், குளிப்பதற்கு ஓலை கட்டிய மறைப்பு ஆகியவற்றிலிருந்து வழிகிற தண்ணீர் எங்கே போய்த் தேங்குகிறதோ அங்கே வளர்ந்த நாலைந்து செடிகள்தான் அந்தத் தோட்டம். ஒரு முல்லைக் கொடி, ஒரு குண்டுமல்லி, ஒரு வரிசை கனகாம்பரம், வேலியோரம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும், தெருப்பக்கம் ஒரு அரளி. தலைக்கும் சாமிக்கும் ஆன பூ இவற்றிலிருந்தே வந்தது. குவளையில் வைக்கத் தண்டோடு வெட்டுகிற கொய்மலர் பழக்கம் இங்கே மிகப் பிந்தியது. இங்கே பூ என்றால் காம்பளவோடு பறித்து, நாரில் தொடுத்து, அன்றைக்கே சூடுவதுதான்.

இந்த ஊரின் நிலமும் நீரும் அந்தத் தோட்டத்தின் அளவைத் தீர்மானித்தன. வடக்கே கல்வராயன் மலை. மலையடிவாரத்துக் கோமுகி அணை நீர் எட்டுகிற வயல்கள் ஒரு பக்கம் இருக்க, மற்ற நிலமெல்லாம் கிணற்றை நம்பிய செம்மண் பூமி. மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி என்று மானாவாரிக்கும் குறைந்த பாசனத்துக்கும் ஏற்ற பயிர்களே அதில் பெரும்பாலும் விளைகின்றன. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். பங்குனி, சித்திரையில் கிணறு அடி தெரியும்போது பூச்செடிக்கென்று யாரும் ஒரு குடம் இறைத்து ஊற்ற மாட்டார்கள். ஒருமுறை வீட்டுக்கு உழைத்து முடித்த நீரே செடிக்குப் போனது. அந்த நீரில் உயிர் பிடித்து நிற்கக்கூடிய செடிகள் மட்டுமே தலைமுறைகளைத் தாண்டி வீட்டோடு தங்கின.

பூவைப் பற்றிய தமிழின் மிகப் பழைய பெரிய பட்டியலை எழுதியவருக்கும் சின்னசேலம் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். தம் நண்பன் பாரி இறந்த பிறகு அவன் மகளைத் திருக்கோவலூர் மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அவ்வூர்த் தென்பெண்ணை ஆற்றுப் படுகையில் உள்ள பாறையைக் கபிலர்க்கல் என்று இன்றும் காட்டுகிறார்கள். முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த பாரியின் கதையும், பூக்களைப் பெயர் சொல்லி எண்ணிய புலவரின் முடிவும் இப்படி ஒரே வட்டாரத்தில் வந்து சேர்கின்றன.

ஆனால் குறிஞ்சிப்பாட்டின் பூக்கள் வளர்த்த பூக்கள் அல்ல. தினைப்புனம் காக்கப் போன பெண்கள் மலையில் திரிந்து பறித்துப் பாறையில் குவித்தவை. காந்தள், வேங்கை, கொன்றை, தும்பை என்று காட்டிலும் மேட்டிலும் தானாகப் பூத்தவற்றைப் பருவம் பார்த்துச் சேகரித்த காலம் அது. வீட்டுக்குள் வந்த பூவை வேறு இரண்டு பாட்டுகளில் பார்க்கலாம். நெடுநல்வாடையில் மழைமூட்டம் பொழுதையே மறைத்துவிடுகிறது. வீட்டுப் பெண்கள் தட்டில் வைத்திருந்த பிச்சி அரும்புகள் மலர்ந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்துவிட்டதை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நாழி நெல்லோடு முல்லைப் பூவைத் தூவி நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். அரும்பாகவே பறித்து வைத்து மாலையில் மலரவிடுகிற வழக்கம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக மாறவில்லை என்பதற்கு நெடுநல்வாடைக் காட்சியைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. முல்லையும் பிச்சியும் அந்துப்பூச்சியை அழைக்க அந்தியில் மலர்ந்து மணம் விடுகிற இனங்கள். காலையில் அரும்பு கிள்ளினால் பகலில் தொடுக்க நேரம் கிடைக்கும். தலையில் ஏறிய பிறகு பூ விரியும். செடியின் இயல்பும் வீட்டு வேலையின் ஒழுங்கும் இவ்வளவு பொருந்திப் போன வேறு பயிரைச் சொல்வது கடினம்.

அடுத்த கட்டத்தில் பூச்செடி உரிமைப் பொருளாக மாறுகிறது. பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது, பெறுகிறவர்கள் என்னென்ன செய்துகொள்ளலாம் என்று நீளமாக எழுதுவார்கள். சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம் என்ற வரிசையிலேயே தமனகம் என்கிற மரிக்கொழுந்தும் மருவும் நடலாம் என்பதும் வரும். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த ஆனைமங்கலக் கொடையின் ஆவணத்திலும் இந்த உரிமை இருக்கிறது. நெதர்லாந்து நாட்டு லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றது இதுவே. பல்லவர் ஆவணங்களில் குவளை வளர்ப்பதற்கும் ஒரு வரி இருந்தது தெரிகிறது. இன்றைக்கு எந்தப் பூக்கடையிலும் கதம்பத்தில் செருகித் தருகிற மருவும் மரிக்கொழுந்தும் ஒரு காலத்தில் அரசன் ஓலை தந்தால்தான் நடக்கூடிய செடிகளாக இருந்தன. வீட்டுத் தோட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஒரு செய்தியை விட்டுவிடக் கூடாது. பிற்காலத்தில் எவரும் கேட்காமல் பதியம் போட்டு அண்டை வீட்டுக்குக் கொடுத்த சுதந்திரத்தின் மதிப்பு அப்போதுதான் புரியும்.

அதே காலத்தில் பூவின் பெரும் நுகர்வோர் கோயில்கள். திருப்பள்ளித்தாமம் என்னும் மாலைகளுக்காகத் திருநந்தவனங்கள் வைக்கப்பட்டன. அவற்றைப் பேணுகிறவர்களின் பிழைப்புக்குத் திருநந்தவனப்புறம் என்று நிலம் விடப்பட்டது. நீர் இறைக்கிறவர், செடி பேணுகிறவர், பூப் பறிக்கிறவர், மாலை தொடுக்கிறவர் என்று ஒரு தொழில் வரிசையே இதிலிருந்து உருவானது. பூத்தொடுப்பைக் குலத்தொழிலாகக் கொண்ட பண்டாரங்கள் பல ஊர்களில் அண்மைக் காலம் வரை அதைத் தொடர்ந்தார்கள்.

சமய இலக்கியமும் இந்த வேலையை உயர்ந்த இடத்தில் வைத்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருநாவலூரில் பிறந்த சுந்தரர், முற்பிறப்பில் கயிலையில் பூப்பறிக்கப் போன இடத்தில் அங்கே மலர் கொய்துகொண்டிருந்த இரு பெண்கள்மேல் மனம் வைத்ததால்தான் மண்ணில் பிறந்தார் என்பது பெரிய புராணக் கதை. திருப்புகலூர் முருக நாயனாரோ கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று வகை பிரித்துப் பறித்து மாலை கட்டியதையே தொண்டாகக் கொண்டவர். மரம், கொடி, நீர், நிலம் என்ற அந்தப் பிரிவு ஒரு தோட்டக்காரரின் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் பறிக்கும் முறையும் வாடும் நேரமும் வேறு. வைணவத்தில் திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரும் திருவரங்கத்துத் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனக்காரர்களாகவே நினைக்கப்படுகிறார்கள். பெரியாழ்வார் கடவுளுக்காகக் கட்டிய மாலையை மகள் ஆண்டாள் முதலில் சூடிப் பார்த்த கதையில், கோயில் நந்தவனமும் வீட்டுப் பெண்ணின் கூந்தலும் முதன்முதலாக உரிமை கொண்டாடி எதிரெதிரே நிற்கின்றன. கதை பெண்ணின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது.

கோயிலுக்கு எந்தப் பூ ஆகும் என்ற வழக்கு வீட்டுத் தோட்டத்திலும் இடம் பிடித்தது. சிவனுக்குத் தும்பை, கொன்றை, வில்வம், பெருமாளுக்குத் துளசி, பிள்ளையாருக்கு எருக்கு, மாரியம்மனுக்குச் செவ்வரளி. தாழம்பூ சிவனுக்கு ஆகாது. சாமிக்கு ஆன செடியும் தலைக்கு ஆன செடியும் தனித்தனி. அரளியை யாரும் தலையில் வைப்பதில்லை. கனகாம்பரம் பெரும்பாலும் தலைக்கே போகிறது. ஊரின் ஒரு பகுதி மக்களுக்குப் பெரிய கோயிலின் வாசலே மூடியிருந்த காலத்தில், 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை, அவர்கள் வீட்டுப் பூ தங்கள் தெரு அம்மனோடு நின்றது.

வீட்டுப் பூச்செடிகள் பரவிய விதம் தனியாகக் கவனிக்க வேண்டியது. குண்டுமல்லி இங்கே அநேகமாக விதை வைப்பதே இல்லை. முல்லையையும் பிச்சியையும்கூட யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து, வேர் விட்ட பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுக்கிற பதியம்தான் பழைய வழி. ஆகவே ஒவ்வொரு மல்லிச் செடியும் வேறொரு வீட்டுச் செடியின் கிளை. பெண் கட்டிக் கொடுத்த ஊருக்கு அம்மா வீட்டுப் பதியம் போவதும், வெயிலில் செடி பட்டுப்போனால் அங்கிருந்தே திரும்பி வருவதும் சாதாரணம். இந்தச் செடிகளுக்கு நாற்றுப்பண்ணை என்று ஒன்று தேவைப்படாமல் போனதற்கு உறவுமுறையே காரணம்.

16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கடல் வழியாக வந்த அமெரிக்கச் செடிகள் இதே கிணற்றடிக்கு வந்து சேர்ந்தன. துலுக்கச் சாமந்தி என்கிற செண்டுமல்லியும் நிலச்சம்பங்கியும் மெக்சிகோ நாட்டவை. அந்திமந்தாரை, வாடாமல்லி, ஈழத்தலரி ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவையே. இவை இன்று சாமி மாலையிலும் சாவு மாலையிலும் எவ்வளவு இயல்பாக இருக்கின்றன என்றால், நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே இவை இல்லை என்று சொன்னால் நம்பத் தயங்குவார்கள். வெள்ளையர் பங்களாக்களோடு வந்த பூச்சாடிப் பழக்கமும், 1835இல் சென்னையில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் போன்றவை பரப்பிய அலங்காரச் செடிகளும் மாகாணத்தின் நகரங்களைத் தொட்டன. கிராமத்துத் தோட்டம் அவற்றில் குரோட்டன்ஸ் செடியை மட்டும் மகிழ்ச்சியாக எடுத்துக்கொண்டது.

பேணும் முறையில் எழுதப்படாத ஒரு நாட்காட்டி இருந்தது. குண்டுமல்லிக்குக் கார்த்திகை, மார்கழியில் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே உள்ளதைக் கவாத்து செய்து, இலையை உருவிவிட்டு, அடியில் எருவைக் கொட்டி மண்ணை அணைப்பார்கள். புதுத்தளிர் விட்டுப் பங்குனியில் அரும்பு கட்டும். ஆனி வரை பூ கொட்டும். முல்லையைத் தை மாதத்தில் கழிப்பார்கள். பிச்சி வெயில் தணிந்தபின் பூக்கத் தொடங்கி மழைக்காலத்திலும் தரும். பனியில் மல்லி அடங்கிவிடுகிற மார்கழிக்கு என்றே டிசம்பர்ப் பூ இருக்கிறது. கத்தரிப்பூ நிறத்திலும் வெள்ளையிலும் அது பூக்கும், மணமே இல்லை. ஆனாலும் வேறு பூ கிடைக்காத மாதத்தில் பெண்பிள்ளைகளின் சடைக்கு அதுதான் துணை. அதே மார்கழியில் வாசல் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரில் செருகப் பூசணிப்பூ வேண்டும். அதற்காகவே ஆடி, ஆவணியிலேயே வேலியோரம் பூசணி விதையை ஊன்றி வைப்பார்கள். கனகாம்பரம் மட்டும் எல்லா மாதத்துக்கும் பொது. அதன் முற்றிய காய் மழைத்துளி பட்டதும் வெடித்து விதையை எறியும். நாற்றுவிட யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

உரம் என்று வாங்கியது எதுவும் இல்லை. அரிசி களைந்த நீர், மீன் கழுவிய நீர், சாணம், அடுப்புச் சாம்பல். சாம்பல் உரமாகவும், இலைமேல் தூவினால் பூச்சி விரட்டியாகவும் பயன்பட்டது. மொட்டுக்குள் புழு விழுந்தால் அந்த மொட்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போடுவதே மருந்து. பறிப்பதிலும் ஒழுங்கு உண்டு. பொழுது சாய்ந்தபின் செடியில் கை வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவது எளிது. இருட்டில் பறித்தால் நாளைக்கு மலர வேண்டிய பிஞ்சு அரும்பும் சேர்ந்து உதிரும் என்பதையும், செடியடியில் பாம்பு, தேள் இருக்கும் என்பதையும் அது சுருக்கமாகச் சொல்லிவைத்தது.

தொடுப்பதற்கு வாழைநார். உரித்துக் காயவைத்த நாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து, இந்தப் பக்கம் இரண்டு அரும்பு, அந்தப் பக்கம் இரண்டு அரும்பு காம்போடு காம்பு சேர்த்து வைத்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினால் ஒரு கண்ணி. இறுக்கம் கூடினால் காம்பு அறுந்து பூ உதிரும். குறைந்தால் சரம் நெகிழும். ஈர நார் காயும்போது தானாகச் சற்று இறுகும் என்பதைக் கணக்கில் வைத்தே கை கட்டுகிறது. பருத்தி நூல் வந்த பிறகும் வாழைநாருக்கு மதிப்புக் குறையவில்லை, ஏனென்றால் நார் ஈரத்தைப் பிடித்துக் காம்புக்குக் கொடுக்கிறது. கட்டிய சரத்தை ஈரத் துணியிலோ வாழை இலையிலோ சுற்றிப் பானையடியில் வைத்தால் மறுநாள் காலை வரை தாங்கும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரு முழம் என்று அளந்தார்கள். கட்டாத அரும்புக்கு அளவு ஆழாக்கும் படியும்.

பூவைச் சூடும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் இருந்ததில்லை. கணவனை இழந்தவளுக்குப் பூவும் பொட்டும் இல்லை என்ற விதி, சாதிக்குச் சாதி கடுமை கூடியும் குறைந்தும், இந்த வட்டாரத்திலும் இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றியவளும், விடியலில் அரும்பு பறித்தவளும், மகளுக்கும் பேத்திக்கும் சரம் கட்டி வைத்துவிட்டவளும் பல வீடுகளில் தன் தலையில் ஒரு கண்ணி வைத்துக்கொள்ள முடியாத பெண்ணாக இருந்தாள். வீட்டுத் தோட்டத்தின் அழகைப் பேசும்போது இந்தக் கொடுமையை மறைப்பது நேர்மை ஆகாது. உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா இதையே ஆண்டுதோறும் சடங்காக நடத்துகிறது. திருநங்கைகள் பூவும் பட்டுமாக, கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அழுகளத்தில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, பூவை எடுத்துவிட்டு வெள்ளை உடுத்துகிறார்கள்.

பூவின் பொருள் வேறு திசையிலும் மாறியது. 1967இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றி, 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, மணமக்கள் ஒருவருக்கொருவர் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். மாலை சடங்கின் ஒரு பகுதி என்ற நிலையிலிருந்து திருமணத்தின் சட்டச் சான்றாக உயர்ந்தது. கணவனை இழந்த பெண்கள் பூ வைப்பதும் இன்று கண்ணில் படுகிறது. எல்லாத் தெருவிலும் அல்ல.

வீட்டுப் பூவைச் சந்தைப் பூ ஓரங்கட்டியது 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். கிணறுகளுக்கு மின்மோட்டார் வந்ததும் பூ வயலுக்கு இறங்கியது. சேலத்தை ஒட்டிய பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி ஏக்கர் கணக்கில் பயிரானது. மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பகுதிகள் மல்லிக்குப் பெயர் பெற்றன. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டிலிருந்து விடியலில் கிளம்பும் கூடைகளுக்குச் சின்னசேலம் நேர்வழி. தோட்டத்தில் பூக்காத மாதத்திலும் பேருந்து நிலையத்தில் முழம் கிடைக்கும் என்றானபோது, நாட்காட்டி பார்த்துச் செடி வைக்கும் பழக்கம் தளர்ந்தது. மார்கழி, தையில் மல்லி விலை கிலோ ஆயிரங்களைத் தொடும்போதுதான் பழைய டிசம்பர்ப் பூச் செடியின் நினைவு வருகிறது.

ஆராய்ச்சி நிலையங்களின் செடிகள் வீட்டுக்கும் வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முல்லை இரகங்களில் ஒன்றின் பெயர் பாரிமுல்லை. கொப்புளச் சிலந்தி தாக்குதலைத் தாங்கக்கூடியது. டெல்லிக் கனகாம்பரம் என்ற மும்மய இரகம் அடர்ந்த நிறமும் பெரிய இதழும் கொண்டு பழைய நாட்டுக் கனகாம்பரத்தை விரட்டியது. அது விதை வைக்காது, தண்டு வெட்டி நட வேண்டும். ஆக வெடிக்கும் காயும் தோட்டத்திலிருந்து போய்விட்டது. கனகாம்பரத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்தால் வேரில் நூற்புழு ஏறிச் செடி வாடும். இடையில் ஒரு பருவம் செண்டுமல்லி வைத்தால் அதன் வேர்க்கசிவு நூற்புழுவைக் குறைக்கிறது என்பது சோதித்து அறிந்த முறை.

கிணற்றடித் தோட்டத்துக்கு நேர்ந்த பெரிய கேடு சந்தையால் வந்ததல்ல, தண்ணீரால் வந்தது. 1970களுக்குப் பிறகு மலிவான சலவைத் தூள் ஊர்தோறும் பரவியது. சீயக்காயும் அரப்பும் கலந்த நீருக்குப் பழகிய மண்ணில் சோடா உப்பு சேரச் சேரக் காரத்தன்மை ஏறி, செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் மல்லியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நின்று வெளுத்தன. இதற்கு அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கச் சொல்கிறது வேளாண் துறை. துணி துவைத்த நீரை வேறு பக்கம் திருப்பிவிடுவது அதைவிட நல்லது. பிறகு ஆழ்துளைக் கிணறும் குழாயும் வந்து கிணறு தூர்ந்தது. துவைகல் குளியலறைக்குள் போனது, கழிவுநீர் மூடிய குழாயில் ஓடியது, மனையின் பின்பக்கம் சிமென்ட் தளமானது. செடிக்கு நீர் ஊற்றுவது தனி வேலையாகிவிட்டது.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் புதிய மனைப்பிரிவுகள் பெருகிவருகின்றன. இங்கே பூச்செடி இப்போது தொட்டியிலும் மாடியிலும் இருக்கிறது. தொட்டி மல்லிக்குக் காலை வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கவாத்தும் மேல்மண் மாற்றமும் வேண்டும். அடித்துளை அடைபட்டால் வேர் அழுகும். வயல்மல்லியைப் போல அது படிக்கணக்கில் தராது. ஆனால் பதியம் போடும் முறை மாறவில்லை. தாய்த்தொட்டிக்கு அருகில் மண் நிரப்பிய இன்னொரு தொட்டியை வைத்து, கிளையை வளைத்துப் புதைத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் அடுத்த வீட்டுக்கான செடி தயார்.